தலப்பெயர்களும் மூவகை அளவையும்

சைவ நன்மக்கள் நாள்தோறும் ஓதிவரும் தேவாரத் திருப்பதிகங்களிற் பெரும்பாலன தலந்தோறும் சென்று பாடப்பெற்றவை. பதிகத்தின் முகப்பில் ஒரு தலப்பெயர் நிற்கின்றது. பாட்டுக்கள்தோறும் அப்பெயரே பயின்று வருகின்றது. ஆயினும், அப்பெயரை வழித்துணையாகக் கொண்டு அவ்வூரைத் தேடிச் செல்லும் அன்பர்க்கு இன்று வழி தெரிவது அரிதாகிவிட்டது. குடமூக்கு எங்குளது என வினவினால், கும்பகோணத்திற் பிறந்து வளர்ந்தாரும் தயங்குவர். முதுகுன்றம் செல்லும் வண்டி யாது என்பார்க்கு, விருத்தாசலம் செல்லும் வண்டியைச் சுட்டிக்காட்டுவார் மிகச் சிலரே. தென்குரங்காடுதுறை என்னும் பெயர் முன்பாதியை இழந்து ஆடுதுறை என நிற்கின்றது. குரங்கு நீங்கியபின் எஞ்சிய ஆடு யாதென அறியாதார், ஆடுகள் நீருண்ட துறையென அதற்குப் பொருள் சொல்லினும் வியப்பில்லை.

பெயர்கள் இவ்வாறு மாறிப்போனமையின், அவற்றின் பிறப்பை ஆராய்வாரும் இருதிறப்பட்டனர். ஒரு திறத்தார், வடமொழிப் பெயரே முந்தியது, தமிழ்ப்பெயர் அதன் மொழிபெயர்ப்பு என்பர். தலபுராணத்தைச் சான்றாக எடுத்துக் காட்டுவர். மற்றொரு திறத்தார், பெயர் யாவும் தொடக்கத்தில் நிலமும் மரமும் விலங்கும் பற்றி எழுந்த தனித்தமிழே என்றும், மறை, தவம், சித்து முதலிய பொருள் தோன்றும் பெயரெல்லாம் பிற்காலத்தார் பிழைபட உணர்ந்தமையால் விளைந்த திரிபே என்றும் கூறுவர். இவ்விரு திறத்தார்க்கும் கொள்கையில் எத்துணை மாறுபாடு உண்டோ, முறையில் அத்துணை ஒற்றுமை உண்டு. இருவரும் முடிபை முன்னே வைத்துக்கொண்டு பெயரைப் பின்னே இழுத்துச் செல்கின்றனர்.

சைவ சித்தாந்தம் பயின்றார்க்கு இதனைத் தீர்க்கும் கருவி கையிலேயே உள்ளது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை எடுத்தோதுங்கால், பிறர் கூறும் அளவை பத்தாயினும் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் எனத் தெளிவித்தருளினார். அந்நூலில் உரை என்றது மெய்ந்நூலாகிய ஆகமத்தை. அவ்வுயர்பொருளை இழித்துரைக்காமல், ஒப்புமை பற்றி மட்டும் இம்மூன்றையும் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்குக் கொள்ளலாம். பழம்பாடலும் கல்வெட்டும் அப்பெயரை எவ்வாறு வழங்கின என்பது உரை. நிலமும் நீரும் மரமும் இன்று எவ்வாறு உள்ளன என்பது காண்டல். எழுத்தியல்பும் சொற்புணர்ச்சியும் கொண்டு உய்த்துணர்வது கருதல். இம்மூன்றும் ஒருங்கு நின்ற இடத்து முடிபு உறுதியாம். உரையும் காண்டலும் துணைநில்லாத கருதல் தனித்து நின்றால், அஃது ஏதுப்போலியாய் முடியும். ஊர்ப்பெயர் பற்றி இன்று வழங்கும் பிழைகளெல்லாம் இவ்வொன்றினின்றே பிறக்கின்றன.

இக்காலத்தார்க்கு உரைச்சான்று முற்காலத்தாரினும் மிகுதியாக வாய்த்துள்ளது. தென்னிந்தியக் கல்வெட்டுக்களின் முதற்றொகுதி 1890-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின் தொகுதி தொகுதியாகக் கல்வெட்டுக்கள் அச்சேறின. ஏட்டுச்சுவடிகளிற் காணப்பெறாதிருந்த திருஞானசம்பந்தர் அருளிய திருவிடைவாய்ப் பதிகம், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தலத்துக் கல்லிலேயே கண்டெடுக்கப்பெற்றது. 274 என எண்ணிவந்த பாடல்பெற்ற தலங்களின் தொகை அதனால் ஒன்று உயர்ந்தது. ரா. பி. சேதுப்பிள்ளை 1946-இல் வெளியிட்ட ஊரும் பேரும் என்னும் நூல், மலை, காடு, வயல், ஆறு, கடல் என நிலவகையாகவும் பிறவகையாகவும் தமிழகத்து ஊர்ப்பெயர்களைத் தொகுத்துக் காட்டிற்று. இத்துணைக் கருவிகள் இருப்பவும், செவிவழி வந்த சொற்சிலம்பத்தையே ஆராய்ச்சியெனக் கொள்வது அறிவுடையார்க்குப் பொருந்தாது.

முதற்கண், மொழிபெயர்ப்பு என ஐயமற விளங்கும் பெயர்களை நோக்குக. ஐயாறு பஞ்சநதம் ஆயிற்று. வெண்காடு சுவேதாரணியம் ஆயிற்று. இடைமருது மத்தியார்ச்சுனம் ஆயிற்று; அருச்சுனம் என்பது வடமொழியில் மருத மரத்தின் பெயர். பாண்டவருள் ஒருவன் பெயரை நினைந்து அவ்வூர்க்கு அவனைத் தொடர்புபடுத்துவார், தமிழ்ப்பெயரை ஒருமுறை நோக்கினால் மரத்தைக் கண்டுகொள்வர். இவற்றுள் எது முந்தியது என்னும் வினா எழும். 7-ஆம் நூற்றாண்டினராகிய அப்பரும் சம்பந்தரும் இத்தலங்களைத் தமிழ்ப்பெயராலேயே பாடியருளினர் என்பது உரைச்சான்று. மொழிபெயர்ப்பிற் சில இடங்களில் நேர்ந்துள்ள குறைபாடு கருதற்குரிய ஏதுவாம்.

மயிலாடுதுறை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அப்பெயரில் மயில், ஆடுதல், துறை என்னும் மூன்றுறுப்புக்கள் உள்ளன. மாயூரம் என்பதில் மயில் மட்டும் எஞ்சியது. ஆடலும் போயிற்று, காவிரித்துறையும் போயிற்று. ஐப்பசித் திங்களிற் பல்லாயிரவர் வந்து துலாமுழுக்கு ஆடும் ஊரின் பெயரில் துறை இல்லாமற்போனது பெருங்குறை. முழுப்பெயர் குறைதல் உலகியல்பு. குறைந்த பெயரினின்று, காவிரிக்கரையில் வேறு ஊர்களுக்கும் பொருந்தும் ஆடுதுறை என்னும் முடிபு தானே முளைத்தது என்றல் பொருந்தாது. குரங்காடுதுறை என்னும் பெயருடைய தலங்கள் வடகரையிலும் தென்கரையிலும் இருத்தலை நோக்கினால், ஆற்றுத்துறையில் ஆடிய உயிரினத்தைக் கண்டு பெயரிடுதல் அந்நாட்டு வழக்கு என்பது தெளிவாம். மாயூரம் பின்னர் மக்கள் நாவில் மாயவரம் என மருவவே, மாயமான வரம் எனப் பொருள்கூறவும் இடமாயிற்று. 1982-ஆம் ஆண்டில் அரசினர் மயிலாடுதுறை என்னும் பெயரையே மீட்டு வழங்கினர். 2020-இல் தோன்றிய மாவட்டமும் அப்பெயரையே தாங்கிற்று. பதிகத்தில் நின்ற பெயர் வண்டிநிலையப் பலகையிலும் ஏறியது சைவவுலகிற்கு மகிழ்ச்சி தருவதாம்.

கும்பகோணம் என்பதிற் குறைபாடு வேறுவகையாக நேர்ந்தது. குடமூக்கு என்பது குடத்தின் மூக்கு. வடமொழியிற் கும்பம் குடம். நான்காம் ககரத்தை முதலாகவுடைய கோணா என்பது மூக்கு. ஆகவே, பெயர்த்தவர் பிழைசெய்யவில்லை. உறுப்புக்கு உறுப்பு நேராகவே பெயர்த்தனர். ஆனால், தமிழெழுத்தில் வருக்க ககரங்களுக்கு வேறு வடிவம் இன்மையின், மூக்காகிய கோணமும் மூலையாகிய கோணமும் ஒன்றுபோல் எழுதப்பட்டன. அதன்பின், குடம் கோணிய இடம் என்றும், குடம்போன்ற மூலை என்றும் பொருள் கூறுதல் எளிதாயிற்று. அவ்வூர் நாகேசுவரர் திருக்கோயிற் கல்வெட்டுக்கள் திருக்குடமூக்கில் திருக்கீழ்க்கோட்டம் என வழங்குதலைக் கண்டார் இவ்வழியிற் செல்லார். அப்பர் பாடியருளிய குடந்தைக் கீழ்க்கோட்டமும் இதுவே. பாடலும் கல்லும் ஒருமித்து நிற்றல் காண்க.

மொழிபெயர்ப்பு சொல்லைக் காத்தும் பொருளை இழந்த இடமும் உண்டு. முதுகுன்றத்து அம்மை பெரியநாயகி. பெரிய என்னும் சொல்லுக்குத் தலைமையும் பொருள், முதுமையும் பொருள். விருத்தாம்பிகை எனப் பெயர்த்த அளவிலே தலைமை பின்னிட்டு முதுமை முன்னின்றது. குருநமசிவாயர் அத்தலத்தில் அம்மையைக் கிழத்தி என விளித்து அன்னம் வேண்ட, அம்மை முதியளாய்த் தோன்றிக் கிழத்தி எங்ஙனம் அன்னம் கொணர்வாள் என வினவினாள் என்றும், அவர் இளமை தோன்றப் பாடவே இளையளாய் வந்து அருளினாள் என்றும் கூறும் செய்தி அன்பரிடை வழங்குகின்றது. கிழத்தி என்பது உரியவள், தலைவி என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல். ஒரு சொல்லின் இருபொருளும் ஒரு செய்தியிற் பொதிந்து நிற்கும் அழகு, வேற்றுமொழிப் பெயரைமட்டும் அறிந்தார்க்குப் புலனாகாது.

இதுகாறும் கூறியவை தமிழ்ப்பெயரின் முதன்மையை நாட்டுவன. இனி, இதே அளவைகள் மற்றைத் திறத்தாரை எங்ஙனம் மறுக்கின்றன என்பதும் காணத்தகும். நடுநிலை என்பது இருபுறமும் ஒரே கோலால் அளத்தலேயாம்.

மறைக்காடு என்பது வேதாரணியம். இதனை ஆராயப்புகுந்தாருட் சிலர், அப்பெயர் ஆதியில் இடையின ரகரத்தால் மரைக்காடு என இருந்தது என்பர். மரை என்பது மானினத்துள் ஒன்று. அதனை வல்லின றகரமாக மயங்கி மறையெனக் கொண்டு, வேதாரணியம் எனப் பெயர்த்தனர். வேதங்கள் வழிபட்ட கதையும் அம்மயக்கத்திற் பிறந்ததே என முடிப்பர். கோடிக்கரையை அடுத்த காட்டில் இன்றும் மான் திரிவதைக் காண்டலளவையாகக் காட்டுவர். கேட்டவுடன் உள்ளத்தைக் கவரும் கூற்று இது. கவர்ச்சியே இதன் வலிமை. சான்று இதன் வலிமையன்று.

முதலில் காண்டலை ஆராய்க. கோடிக்கரைக் காட்டிற் பெருக வாழ்வது முறுக்குண்ட கொம்புடைய புல்வாய். தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் மரபுப்பெயர் கூறுமிடத்துப் புல்வாயையும் மரையையும் வெவ்வேறாகவே எண்ணுகின்றது. சங்கச் செய்யுட்களில் மரையாவானது நெல்லிக்கனி உதிரும் மலைச்சாரலிலும் வறுநிலத்திலும் மேய்வதாகப் பேசப்படுகின்றது. கடற்கரைக் காட்டுப் புல்வாயைக் காட்டி மரைக்குச் சான்றென்றல், புல்வாயை மரையாக்குதலாம். காண்டலே இங்ஙனம் கைவிட்டது.

அடுத்து உரை. அப்பரும் சம்பந்தரும் அத்தலத்திற்கு ஒருங்கே எழுந்தருளினர். வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்ற வாயில் அடைத்தே கிடந்தது. மக்கள் வேறொரு வழியாற் சென்று வழிபட்டு வந்தனர். அப்பர் பதிகம் பாடி நிறைவிக்கக் கதவம் திறந்தது. சம்பந்தர் முதற்றிருப்பாட்டு அருளிய அளவிலே அடைத்துக்கொண்டது. இவ்வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்துள் விரித்தருளினார். அவர் 12-ஆம் நூற்றாண்டினராதலின், கதை பிற்பட்டது என ஒருவர் ஒதுக்கலாம். அவர் ஒதுக்கமுடியாத சான்று ஒன்று எஞ்சுகின்றது. கதவம் அடைக்கப் பாடிய சம்பந்தரது பதிகத்தின் முதற்றிருப்பாட்டே, நான்மறை துதித்து வணங்கும் மறைக்காடு என்னும் பொருள்படத் தொடங்குகின்றது. பெயரின் முதற்சொல்லை வேதம் என்றே கொண்டு, அதற்கேற்ப அடையும் கொடுத்துப் பாடியவர் 7-ஆம் நூற்றாண்டினர். ஆகவே, மறை என்னும் பொருள் பிற்காலப் புராணிகரின் மயக்கம் என்னும் கூற்று ஒரு திருப்பாட்டின் முன்னே நில்லாது வீழ்கின்றது.

இனிக் கருதல். ரகரமும் றகரமும் இக்காலத்துச் சில நாவில் மயங்குவன உண்மையே. அதுபற்றி அவ்விரண்டும் எக்காலத்தும் மயங்கின எனல் ஆகாது. தேவாரம் எதுகைத் தொடையிற் செறிந்த இசைத்தமிழ். அத்தொடைக்கு இரண்டாமெழுத்து ஒன்றிவரல் இன்றியமையாதது. இவ்வெழுத்துக்களின் வேற்றுமையைச் செவியால் உணர்ந்து பாடிய காலத்தில், ஓர் ஊரார் தம் ஊர்ப்பெயரின் நடுவெழுத்தை அறியாது மாற்றிவிட்டனர் எனக் கூறுவார், அதற்கு ஒரு கல்வெட்டேனும் ஒரு செய்யுளேனும் காட்டல் வேண்டும். மரைக்காடு என எழுதிய பழஞ்சான்று காட்டாதவரை, அஃது ஒருவர் உள்ளத்து எழுந்த ஊகமேயாம். ஊகத்தை ஊகமெனச் சொல்லுதல் குற்றமன்று. அதனை வரலாறெனப் பாடநூலில் ஏற்றுதலே குற்றம்.

இங்ஙனம் கூறியதனால், தமிழ்ப்பெயர் வடமொழிப் பெயருக்குப் பிற்பட்டது என்பது பெறப்படுமோ எனின், படாது. மறை என்பதும் தமிழ், காடு என்பதும் தமிழ். வேதத்தைத் தன் சொல்லால் மறையெனப் பெயரிட்டழைத்த தமிழ், வேதம் வழிபட்ட காட்டையும் தன் சொல்லாற் பெயரிட்டது. வேதத்தொடு தொடர்புடைய பெயர் தமிழ்ப்பெயர் ஆகாது என்னும் எண்ணமே இருதிறத்தாரையும் ஒருங்கே பிடித்த மயக்கம். ஒருவர் அதனால் வடமொழிப் பெயரை முதலாக்கினர். மற்றொருவர் அதனால் இல்லாத மானைத் தேடினர்.

மூன்றாவதாக ஆராயத்தக்கது தில்லைச் சிற்றம்பலம். தில்லை என்பது ஊர்ப்பெயர். தில்லை மரம் அடர்ந்தமையால் வந்தது. அம்மரங்கள் ஊரில் அருகிப்போயினும், கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிகளில் இன்றும் தழைத்து நிற்கின்றன. உரையும் காண்டலும் ஈண்டு ஒன்றுபட்டன. சிற்றம்பலம் என்பது ஆண்டவன் ஆடல்புரியும் மன்றின் பெயர். ஊர்ப்பெயர் மறைந்து மன்றின் பெயர் ஊருக்கு ஏறியது. அதுவும் சிதம்பரம் என உருமாறி ஏறியது.

சிற்றம்பலம் என்பது சித்து, அம்பலம் எனப் பிரியும் என்பாரும் உளர். எழுத்திலக்கணம் அதற்கு இடந்தராது. சிறுமை என்னும் பண்புப்பெயர் மையீறு கெட்டுத் தன்னொற்று இரட்டிச் சிற்றூர், சிற்றாறு என வருவது போலச் சிற்றம்பலம் என வந்தது. பெருமை என்பது ஆதி நீண்டு பேரூர், பேராறு என வருவது போலப் பேரம்பலம் என்னும் மன்றும் அத்திருக்கோயிலிலேயே உளது. சிற்றம்பலமும் பேரம்பலமும் ஒருங்கு நிற்குமிடத்து முன்னதன் அடை சிறுமையே என்பதில் ஐயம் யாது? சித்து, அம்பரம் என்னும் வடசொற்கள் புணர்ந்தது சிதம்பரம். அஃது ஒலியும் பொருளும் ஒருங்கு பொருந்த அமைத்த வேறொரு பெயர். சிற்றப்பன் வழக்கிற் சித்தப்பன் ஆயினாற்போலச் சிற்றம்பலமும் மக்கள் நாவிற் சித்தம்பலம் ஆகும். அவ்வொலியே இரு பெயருக்கும் பாலமாய் அமைந்தது.

அங்ஙனமாயின், ஞானாகாசம் எனச் சான்றோர் கூறிய உட்பொருள் பொய்யாய் முடியுமே என அன்பர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. சாந்தோக்கிய உபநிடதம் இதயத்தாமரையின் உள்ளிருக்கும் வெளியைத் தகரம் என்னும் சொல்லாற் கூறுகின்றது. தகரம் என்பதற்குச் சிறியது என்பதே பொருள். அச்சிறுவெளியே தேடியறியத்தக்கது என அது வற்புறுத்துகின்றது. அவ்வாறிருக்க, சிறிய அம்பலம் என்னும் நேர்ப்பொருள் தகராகாசத்துக்கு நேரே ஒத்து நிற்கின்றது. இலக்கணத்தை வளைத்துப் பெறவிரும்பிய உயர்வு, இலக்கணத்தை வளையாது நின்றார்க்குத் தானே கிட்டுகின்றது. மெய்யான சொற்பொருள் மெய்ப்பொருளுக்கு ஒருபோதும் பகையாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்விடத்தே ஒரு வேறுபாட்டை நன்கு மனங்கொள்ளல் வேண்டும். பெயர் எதனாற் பிறந்தது என்பது ஒரு வினா. பிறந்த பெயர் அடியார் உள்ளத்தில் எப்பொருளை ஏந்தி நின்றது என்பது மற்றொரு வினா. துறையில் மயிலாடக் கண்ட மக்கள் மயிலாடுதுறை எனப் பெயரிட்டனர். அம்மை மயிலுருக்கொண்டு பூசித்த வரலாற்றை அப்பெயரின்கண் வைத்து அடியார் போற்றினர். வடகரைத் துறையில் வாலியையும் தென்கரைத் துறையிற் சுக்கிரீவனையும் நினைந்து வழிபட்டனர். முன்னதைக் கூறுவார் பின்னதை இகழவேண்டுவதில்லை. பின்னதைப் போற்றுவார் முன்னதை மறைக்கவேண்டுவதுமில்லை. தலபுராணம் அன்பை வளர்ப்பதற்கு எழுந்தது. அதனைச் சொற்பிறப்பு அகராதியாகப் படித்தவர், அதனை நம்பினாலும் பழித்தாலும் ஒரே பிழையைச் செய்தவராவர்.

ஊர்ப்பெயரை ஆராய்வதால் விளையும் பயன் யாது என வினவுவார்க்கு விடை எளிது. திருப்பதிகம் ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட ஆற்றங்கரையில், ஒரு குறிப்பிட்ட வாயிலின்முன் நின்று பாடப்பெற்றது. பெயர் அறுந்தால் பாட்டுக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பு அறும். வீட்டிற் பதிகத்தை ஓதும் சிறுவன், தான் ஓதும் ஊரும் தன் பாட்டனார் வாழும் ஊரும் ஒன்றென அறியாது வளர்கின்றான். பொய்ப்பொருள் புகுந்தால் தீங்கு அதனினும் பெரிது; இன்று ஓர் ஊகத்தைக் கேட்டு மகிழ்ந்தவன், நாளை அது பொய்யென அறிந்தபோது பதிகத்தையும் உடன் ஐயுறுவான்.

ஆதலின், செய்யற்பாலன சில உள. திருக்கோயில் முகப்பில் தலத்தின் வழக்குப்பெயரோடு பதிகப்பெயரையும் பொறித்தல் வேண்டும். அக்கோயிற் கல்வெட்டில் ஊர்ப்பெயர் நிற்கும் வரியைப் படியெடுத்து, அனைவரும் படிக்கும் எழுத்தில் அருகே வைத்தல் நன்று. தலவரலாறு எழுதுவார், பாடலிற் கண்டது இது, கல்லிற் கண்டது இது, செவிவழி வந்தது இது எனப் பகுத்து எழுதுதல் கடன். புதியதொரு சொற்பிறப்பைக் கேட்ட அன்பர், அது தமக்கு உவப்பானதாயின் முன்னினும் இருமடங்கு விழிப்புடன் சான்று வினவுதல் தக்கது. மறைக்காட்டுக் கதவம் திறத்தற்கும் ஒரு பாட்டு வேண்டியிருந்தது. அடைத்தற்கும் ஒரு பாட்டு வேண்டியிருந்தது. பழம்பெயர்களின் கதவமும் அப்பதிகங்களாலன்றித் திறவாது.